கணிப்பொறி பொய் சொல்லாது என்றோம்



சென்ற இதழில் திருமணச் செலவுகளைப் பற்றி நாம் எழுதியதற்குப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுக்கு அடுத்த மாதம் பதில் கூறுவோம். இம்மாதம் வேறொன்றை எழுத வேண்டியவர்களாய் இருக்கிறோம். அது ஒரு மூதாட்டியின் பெருவிரலைப் பற்றியது. வங்கி, கணிப்பொறி, மின்னணுப் பணம் என்ற பெரிய சொற்களெல்லாம் பின்னால் வரத்தான் போகின்றன. ஆயினும் காரியம் தொடங்கியது அந்த விரலில்தான்.

நம் பங்கில் ஒரு விதவைத் தாய் இருக்கிறார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் உப்பு வாரியவர். உப்பும் வெயிலும் அவர் விரல்களின் ரேகைகளை மழுங்கடித்துவிட்டன. அவருடைய முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் விழுகிறது. வங்கியோ எட்டு கிலோமீட்டர் தூரம். ஆகையால் வங்கி முகவராக நம் ஊரிலேயே இருக்கும் ஓர் இளைஞன் கையடக்க எந்திரத்துடன் வீடு வீடாக வருவான். ஆதார் எண்ணைப் பதிந்து, பெருவிரலை எந்திரத்தின் கண்ணாடியில் வைத்தால், அவன் தன் பையிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுப்பான். கணக்கில் அத்தொகை கழிக்கப்படும். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும் இந்த ஏற்பாட்டை நாம் பிரசங்கத்திலேயே பாராட்டியிருக்கிறோம்.

ஒரு வியாழக்கிழமை அந்தத் தாய் ஆயிரம் ரூபாய் எடுக்க விரலை வைத்தார். இரண்டு முறை எந்திரம் ரேகையை ஏற்கவில்லை. விரலைத் துணியால் துடைத்து மூன்றாம் முறை வைத்தபோது ஏற்றுக்கொண்டது. சற்று நேரம் சுழன்றது. பிறகு ‘தோல்வி’ என்று துண்டுச் சீட்டு வந்தது. “நாளைக்குப் பார்ப்போம் ஆச்சி” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் வங்கிக்குச் சென்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இவர் தம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். அதில் ஆயிரம் ரூபாய் எடுத்ததாகப் பதிவாகியிருந்தது. முகப்பில் இருந்தவர், “முகவர் பணம் கொடுத்ததாகத்தான் எங்கள் கணிப்பொறியில் இருக்கிறது, அவரையே கேளுங்கள்” என்று கூறிவிட்டார்.

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் குருமனை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. “சாமி, என் ரூவாயை அந்தப் பய எடுத்துக்கிட்டான்” என்று அந்தத் தாய் அழுதார். இளைஞனை அழைத்தோம். அவன் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினான். வெப்பத்தில் எழுத்து ஏறக்குறைய மங்கிவிட்டிருந்தது. “நான் எடுக்கல சாமி. எந்திரம் தோல்வின்னுதான் காட்டிச்சு” என்றான். கணக்குப் புத்தகத்திலோ அச்செழுத்தில் தெளிவாக இருக்கிறது. இருபுறமும் பார்த்தோம். “தம்பி, வங்கிக் கணிப்பொறி ஏன் பொய் சொல்லப்போகிறது? நீ எங்கோ தவறியிருப்பாய். ஏழையின் காசு; கொடுத்துவிடு, பிரச்சினை முடிந்துவிடும்” என்றோம்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டுக்குப் போய், தாய் சீட்டுக்காக ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கொண்டு வந்து, எல்லார் முன்னிலையிலும் எண்ணி வைத்தான். சமாதானம் செய்து வைத்துவிட்டோம் என்ற நிறைவுடன் நாம் காலை உணவுக்குப் போனோம். அடுத்த வாரத்திலிருந்து அவனிடம் விரல் வைக்க ஊரில் பாதிப் பேர் வரவில்லை.

இந்தக் கதையின் மிச்சத்தைப் பிறகு கூறுவோம். அதற்குமுன் வாசகர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

அந்நாட்டின் சிற்றூர்களில் அஞ்சல் நிலையம் பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையில் நடப்பது. கடைக்காரரே துணை அஞ்சல் அதிகாரி. அவர் அரசு ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரர். ஓய்வூதியம் கொடுப்பது, சேமிப்பு வாங்குவது, தபால் தலை விற்பது எல்லாம் அவர் பொறுப்பு. பணப்பெட்டியில் குறைவு ஏற்பட்டால் தம் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில் அது பெரிய கொடுமையாக இல்லை. எங்கே தவறியது என்று ஏட்டைப் புரட்டித் தாமே கண்டுபிடிக்க அவர்களால் முடிந்தது.

1999-ஆம் ஆண்டு தொடங்கி அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறி அமைப்பு நிறுவப்பட்டது. அதைச் செய்தது ஜப்பானிய புஜிட்சு நிறுவனத்துக்குச் சொந்தமான ஐ.சி.எல். கம்பெனி. இந்த அமைப்பு உண்மையில் அரசின் உதவித்தொகைகளை அட்டை மூலம் வழங்குவதற்காக 1996-இல் திட்டமிடப்பட்டது. தாமதமும் குழப்பமும் மிகுந்து, 1999 மே மாதம் அரசு அந்த உதவித்தொகைப் பகுதியைக் கைவிட்டது. எஞ்சியதை அஞ்சல் நிறுவனம் தன் கணக்குகளுக்காக எடுத்துக்கொண்டது. பாதி வீடு கட்டி நின்றுபோன அஸ்திவாரத்தின்மேல் கடை கட்டியதைப்போல என்று வாசகர்கள் வைத்துக்கொள்ளலாம்.

சில மாதங்களுக்குள்ளாகவே ஆங்காங்கே கணக்கில் பணம் குறையத் தொடங்கியது. பெட்டியில் இருந்த பணம் குறையவில்லை. கணிப்பொறி காட்டிய இருப்புதான் பெட்டியில் இருப்பதைவிடக் கூடுதலாய் இருந்தது. ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற இடத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். 2015-இல் அங்கே ஒரு துணை அஞ்சல் அதிகாரி 8,000 பவுன் பணத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றிப் பதிந்தார். திரை உறைந்து நின்றது. மறுபடியும் மறுபடியும் விசையை அழுத்தினார். உள்ளே ஒவ்வோர் அழுத்தமும் ஒரு புதிய பதிவாகி, 8,000 என்பது 32,000 ஆகியது. இல்லாத 24,000 பவுனுக்குக் கணிப்பொறி கணக்குக் கேட்டது. யாரும் திருடவில்லை, எதுவும் காணாமற் போகவில்லை.

உதவிக்கென்று கொடுக்கப்பட்ட தொலைபேசி எண்ணை அழைத்தவர்களுக்கு, “உங்களுக்கு மட்டுந்தான் இப்படி நேருகிறது, வேறு யாரும் முறையிடவில்லை” என்ற பதிலே கிடைத்தது என்று பலர் பின்னாளில் சாட்சியம் கூறினார்கள். அந்த ஒரு வாக்கியம் செய்த கேட்டை அளவிட முடியாது. நூற்றுக்கணக்கானவர்கள், தான் ஒருவனே மூடன் அல்லது தான் ஒருத்தியே தவறியவள் என்று தனித்தனியே நம்பினார்கள். சேமிப்பைக் கொட்டினார்கள், வீட்டை அடகு வைத்தார்கள், உறவினரிடம் கடன் வாங்கிக் கட்டினார்கள். கட்டியும் குறைவு தீரவில்லை.

பிறகு வழக்குகள் தொடங்கின. அந்நாட்டில் அஞ்சல் நிறுவனம் காவல்துறையின் துணையின்றித் தானே குற்றவழக்குத் தொடரலாம். 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்ற குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார்கள். அவற்றுள் ஏறத்தாழ 700 வழக்குகளை அஞ்சல் நிறுவனமே நடத்தியது. இந்தியாவில் பிறந்து அங்குக் குடியேறிய ஒரு பெண்மணி, 74,000 பவுன் திருடியதாக 2010-ஆம் ஆண்டு நவம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டார். அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். அவர் வயிற்றில் இரண்டு மாதச் சிசு இருந்தது.

நீதிமன்றங்கள் இதை எப்படி நம்பின என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நாமும் கேட்டுக்கொண்டோம். சட்டத்தில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணிப்பொறிப் பதிவைக் குற்றவழக்கில் சாட்சியமாகக் காட்ட விரும்புகிறவர், அந்தக் கணிப்பொறி சரியாக இயங்கியது என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இது வீண் தொல்லை என்று கருதி, 1999-இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன்பின், மறுப்பதற்கு ஆதாரம் காட்டப்படாதவரையில் கணிப்பொறி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஹொரைசன் அஞ்சல் நிலையங்களுக்குள் நுழைந்த அதே ஆண்டு! மளிகைக் கடைக்காரர் ஒருவர், தம்மால் திறந்து பார்க்கவே இயலாத எந்திரத்தின் உள்ளே தவறு இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவர் திருடர்.

போதாக்குறைக்கு, கணக்கைத் தூரத்திலிருந்தபடியே புஜிட்சு ஊழியர்களால் அதிகாரிக்குத் தெரியாமல் மாற்ற முடியும் என்ற உண்மையும் இருந்தது. அப்படி முடியவே முடியாது என்று அஞ்சல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் மறுத்தது. 2015-இல் அங்கே முன்பு பணிபுரிந்த ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி முடியும் என்று கூறினார்.

இத்தனை பேரில் ஒருவர் மட்டும் தொடக்கத்திலிருந்தே தலைவணங்க மறுத்தார். வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில், லாண்டுட்னோவில் கடை வைத்திருந்த ஆலன் பேட்ஸ் என்பவர். ‘கணக்கைக் காட்டுங்கள், எங்கே தவறு என்று பார்த்துச் சொல்கிறேன், பாராமல் கையெழுத்திட மாட்டேன்’ என்பதே அவர் நிலை. 2003-இல் அவருடைய ஒப்பந்தத்தை முறித்தார்கள். 2009-இல் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்னும் தொழில் பத்திரிகை ஏழு பேரின் கதையை முதன்முதலில் வெளியிட்டது. அவ்வாண்டே பேட்ஸ் பாதிக்கப்பட்டவர்களை ஒன்றுகூட்டினார். அந்தக் கூட்டத்தில்தான் பலருக்கும், தான் மட்டுமல்ல என்பது தெரிய வந்தது. 555 பேர் சேர்ந்து உயர்நீதிமன்றம் சென்றார்கள். 2019 டிசம்பர் 16-இல் நீதிபதி பிரேசர் தீர்ப்பளித்தார். ஹொரைசனின் பழைய அமைப்பு நம்பகமானதே அல்ல; பிழை ஒன்றும் இல்லையென்று அஞ்சல் நிறுவனம் சாதித்தது, பூமி தட்டையானது என்று இந்நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பு என்ற பொருளில் அவர் எழுதினார். கிடைத்த இழப்பீடு 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுன். அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது.

2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ஒரே நாளில் ரத்துச் செய்தது. அவர்களில் அந்த இந்தியப் பெண்மணியும் ஒருவர். 2024 ஜனவரியில் இக்கதை தொலைக்காட்சி நாடகமாக வந்த பிறகுதான் நாடே கொதித்தெழுந்தது. அந்த மே மாதமே, எஞ்சியவர்களையும் சட்டத்தாலேயே குற்றமற்றவர்களாக்கினார்கள். இருபத்தைந்து ஆண்டு! நீதிமன்றம் சொல்லியும் அசையாத அரசை ஒரு நாடகம் அசைத்தது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கையின் முதற்பகுதி, குறைந்தது 13 பேர் இக்கொடுமையின் காரணமாகத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்று கூறுகிறது.

இவற்றையெல்லாம் ஓர் இரவில் உட்கார்ந்து படித்தபோது, ‘கணிப்பொறி ஏன் பொய் சொல்லப்போகிறது?’ என்ற கேள்வி நம் காதில் நம் குரலிலேயே ஒலித்தது.

இனி நம் கதைக்கு வருவோம். வின்சென்ட் தே பவுல் சபையில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் இருக்கிறார். ஒரு கூட்டத்தின் முடிவில் நாம் பெருமையாக அந்தச் சமாதானக் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “சாமி, நீங்க அவசரப்பட்டுட்டீங்க” என்றார். பிறகு விளக்கினார்.

விரல் ரேகையோ, அட்டையோ, கைப்பேசியோ, எதைக்கொண்டு பணம் எடுத்தாலும், செய்தி ஒரே கம்பியில் ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. எந்திரத்திலிருந்து முகவருடைய வங்கிக்கும், அங்கிருந்து இடைநின்று இணைக்கும் தேசிய அமைப்புக்கும், பிறகு நம் கணக்கு இருக்கும் வங்கிக்கும் போய், அங்கே தொகை கழிக்கப்பட்டு, விடை அதே வழியாகத் திரும்ப வேண்டும். போகும்போது வழி திறந்திருந்து, திரும்பும்போது அறுந்துவிட்டால், கணக்கில் பணம் கழிந்திருக்கும். எந்திரம் ‘தோல்வி’ என்று காட்டும். இரண்டுமே பொய் சொல்லவில்லை; ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த பாதியைச் சொல்லுகிறது. முழுக்கதையும் மாலையில் இரு வங்கிகளும் கணக்கை ஒப்பிடும்போதுதான் வெளிப்படும்.

இப்படி நேரும் என்று அறிந்தே ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. ஆதார் வழிப் பணமெடுப்பிலும் தானியங்கிப் பண எந்திரத்திலும் இவ்வாறு கழிந்த தொகையை, நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் வங்கியே சரிசெய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பும் பணத்துக்கு ஒரே நாள்தான் தவணை. வாடிக்கையாளர் முறையிடும்வரை காத்திராமல், தானாகவே இழப்பீட்டை வரவு வைக்க வேண்டும் என்றும் அச்சுற்றறிக்கை கூறியது.

அந்தத் தாயின் கணக்குப் புத்தகத்தை மறுபடி பதிவு செய்து வாங்கினோம். வியாழக்கிழமை கழிந்த ஆயிரம் ரூபாய், ஒன்பதாம் நாளாகிய சனிக்கிழமையன்று, எவரும் கேளாமலே திரும்ப வரவு வைக்கப்பட்டிருந்தது! நாம் தீர்ப்பு வழங்கி ஆறு நாள் கழித்து. அதாவது, அந்த இளைஞன் எடுக்காத பணத்தை நம் சொல்லுக்காகக் கட்டியிருக்கிறான். அந்தத் தாய் அறியாமலே ஒரே ஆயிரத்தை இருமுறை பெற்றிருக்கிறார். வங்கியோ நான்கு நாள் தாமதத்துக்கு 400 ரூபாய் கடன்பட்டிருக்கிறது. மூவர் கணக்கிலும் பிழை. நம் கணக்கில் மிகப் பெரிய பிழை.

இதை எழுதுவதால் புதுமைக்கு நாம் எதிரி என்று எவரும் எண்ண வேண்டா. மாறாக, நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. பணப்பரிமாற்றத்தைப் போல ஏழைக்கு எளிதான ஏற்பாட்டை நாம் வேறு கண்டதில்லை. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் அதன் வழியே நடந்தன. நம் கோவில் வாசலில் மீன் விற்கும் பெண்களைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கூடைக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஒலிப்பெட்டி. வாங்குகிறவர் கைப்பேசியில் பணம் அனுப்பியதும், “நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது” என்று அது தமிழில் உரக்கச் சொல்லுகிறது. அதற்குமுன், ‘அனுப்பிவிட்டேன்’ என்று கைப்பேசித் திரையைக் காட்டி ஏமாற்றிப் போனவர்கள் உண்டு. திரையைப் படிக்க அவர்களால் இயலாது. யாரோ ஒரு பொறியாளர், தம்மைப் போலப் படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் நினையாமல், படிக்கத் தெரியாத ஒரு தாயை மனத்தில் நிறுத்தி அதைச் செய்திருக்கிறார். தானியங்கிப் பண எந்திரத்தின் இரகசிய எண் நான்கு இலக்கமாய் இருப்பதற்கும் இத்தகைய காரணமே கூறப்படுகிறது. 1967 ஜூன் 27-இல் லண்டனுக்கு வடக்கே என்பீல்டில் முதல் எந்திரம் நிறுவப்பட்டது. அதை வடிவமைத்த ஷெப்பர்ட்-பேரன், நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்க எண்ணியிருந்தாராம். அவருடைய மனைவியோ, தம்மால் நான்குக்கு மேல் நினைவில் வைக்க இயலாது என்று கூறிவிட்டார். சமையலறை மேசையில் ஒரு மனைவியைக் கேட்டதால் உலகத்துக்கு நன்மை விளைந்தது. உப்பளத்தில் விரல் தேய்ந்தவர்களை எந்த மேசையில் கேட்டார்கள் என்பதுதான் நம் வருத்தம்.

கடன் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் என்று ஆசை காட்டி, ஏழு நாளில் கொள்ளை வட்டி கேட்டு, கட்டத் தவறினால் கைப்பேசியில் உள்ள உற்றார் உறவினர் அனைவருக்கும் அவதூறு அனுப்பும் கூட்டம் 2020-ஆம் ஆண்டிலிருந்து பல குடும்பங்களை அழித்தது, தற்கொலைகளும் நிகழ்ந்தன. ரிசர்வ் வங்கி அமைத்த குழு, 2021-இன் முதலிரு மாதங்களில் இருந்த ஏறக்குறைய 1,100 கடன் செயலிகளை ஆராய்ந்து, அவற்றுள் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன: கடன் தொகை நேரே வாங்குகிறவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், மொத்தச் செலவையும் முன்னரே ஒரே தாளில் காட்ட வேண்டும், கைப்பேசியில் உள்ள பெயர்ப்பட்டியலையும் படங்களையும் தொடலாகாது. இளைஞர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பெயர்ப்பட்டியலைக் கேட்கும் செயலி கடன் கொடுக்க வரவில்லை. பிணை பிடிக்க வருகிறது.

ஏழைக்குச் சிறு கடன் என்பது நம் திருச்சபைக்கும் பழைய கவலைதான். 1462-இல் இத்தாலியில் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் முயற்சியால், பொருளை அடகு வைத்துக் குறைந்த செலவில் கடன் தரும் ஏழைகளின் நிதிநிலையம் ஏற்பட்டது. ஊழியர் சம்பளத்துக்கென்று ஒரு சிறு தொகை வாங்குவதும் வட்டிப் பாவமே என்று வாதாடிய இறையியலாளர்கள் இருந்தார்கள். 1515-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம், செலவுக்கு மட்டும் வாங்குவது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் வாதம் நடந்திருக்கிறது! இன்று ஒரு செயலி ஓர் இரவில் வெளிவந்து, வாதம் தொடங்குமுன் ஒரு மாவட்டத்தையே கடனாளியாக்கிவிடுகிறது.

இப்போது கணிப்பொறியே யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் கணக்கை முடக்கலாம் என்று முடிவு செய்யும் காலம் வந்துவிட்டது. இதைக் குறித்து ரிசர்வ் வங்கி அமைத்த குழு ஒன்று 2025 ஆகஸ்டில் அறிக்கை அளித்து ஏழு நெறிகளை வகுத்தது. மக்களுக்கு முதலிடம், விளங்கும்படியான அமைப்பு, பொறுப்பேற்றல் என்பன அவற்றுள் அடங்கும். எந்திரம் செய்த முடிவுக்கும் அதைப் பயன்படுத்திய நிறுவனமே பொறுப்பு என்று கூறியிருப்பது மிக நன்று. தடுப்பதைவிடப் புதுமைக்கே முன்னுரிமை என்று மற்றொரு நெறி இருக்கிறது. ஹொரைசன் கதையைப் படித்தவர்களாய் இருப்பதால் அதைக் கண்டு நம் புருவம் சற்று உயர்ந்தது. விளக்கம் கூறாத எந்திரத்தின்முன் ஏழை எந்த மொழியில் முறையிடுவான்?

பங்கு மக்கள் கேட்கிறபடியால் சில காரியங்களை மட்டும் சொல்லி வைக்கிறோம். பணம் பெறுவதற்கு எவரும் இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதில்லை; அழுத்தச் சொன்னால் அவர் எடுக்கப் பார்க்கிறார். காவல் அதிகாரி போலக் கைப்பேசித் திரையில் தோன்றி, ‘உங்களை இணையவழிக் கைது செய்திருக்கிறோம்’ என்று சொல்லுபவன் திருடன்; அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. பணம் பறிபோனால் வெட்கப்பட்டுக்கொண்டு நம்மிடம் ஓடி வருவதற்கு முன், உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். நம்மிடம் பிறகு வரலாம். முதல் ஒரு மணி நேரத்தில் நம் ஆறுதலைவிட அந்த எண்ணே உங்களுக்குப் பயன்படும்.

அந்த இளைஞனின் வீட்டுக்கு நாம் ஒரு மாலை நடந்து போனோம். அவன் தாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “தம்பி, நாம் தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். மன்னித்துவிடு” என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பரவாயில்ல சாமி, வங்கியிலேயே அப்படித்தான சொன்னாங்க” என்றான். அது நமக்கு ஆறுதலாயில்லை. அவன் எல்லார் முன்னிலையிலும் பணத்தை எண்ணி வைத்தவன். ஆகையால் அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில், அறிவிப்புகளோடு அறிவிப்பாக அல்லாமல், பீடத்திலிருந்து இறங்கி வந்து நின்று, நடந்ததை நடந்தபடி மக்களுக்குக் கூறினோம். அந்த மூதாட்டி கடைசிப் பெஞ்சியிலிருந்து எழுந்து, சேலை முந்தியில் முடிந்திருந்த ஆயிரம் ரூபாயை அவிழ்த்து அவன் கையில் வைத்தார். வங்கிக்கு எழுதியதில் 400 ரூபாயும் மறுமாதம் வந்து சேர்ந்தது. அது யாருக்குச் சேரும் என்பதில் இருவருக்குள்ளும் இன்னும் வழக்கு நடக்கிறது; இம்முறை நாம் தீர்ப்புச் சொல்லவில்லை.

அவன் எந்திரத்தை வங்கியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இருந்தான். இப்போது எடுத்துக்கொண்டு வருகிறான். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வருகிறது. எந்திரம் ‘தோல்வி’ என்று காட்டும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், சீட்டின் எண் எல்லாவற்றையும் எழுத்து மங்குவதற்குமுன் அதில் எழுதிவிடுகிறான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காக ஒரு மைப்பெட்டியும் வைத்திருக்கிறான். சென்ற வாரம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஐந்து இடங்களில் அந்தத் தாயின் பெருவிரல் பதிந்திருந்தது. ரேகை ஒன்றும் தெரியவில்லை. நீலமாக, வழுவழுவென்று ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அது இன்னாருடைய விரல் என்று கேட்க நம் ஊரில் எவருக்கும் தேவையிருக்கவில்லை.